வீரமலை எடுத்த பெரிய ட்ரெய்லர்

வீரமலைக்கு எதையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கினால்தான் மனசு ஆறும். அவர் சட்டைக்குள் இன்னொரு ஆள் தாராளமாக நுழையலாம். கல்யாணத்துக்கு அவர் வாங்கிய கட்டில் வாசலில் நுழையாமல், நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே போயிற்று. "சின்னதா வாங்கிட்டு யாரு அவஸ்தைப்படுறது?" என்பார். மனைவி மயிலம்மாள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் மட்டும் கேட்டுவிடப் போகிறாராக்கும்!

ஸ்ரீரங்கத்தில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தவர். அறுபத்து நாலாம் வருஷம் குதிரை செத்துப்போனது. புத்தூரில் ஒரு வீட்டு வாசலில் ஓடாமல் கிடந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வாங்கினார். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் இரண்டு பேர் உட்கார ஸீட்டு, தலைக்கு மேல் ஒரு டாப்பு. அதை ரிப்பேர் பார்த்து ஓட்டினால்தான் இனி அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஓடாத வண்டி காவிரியைத் தாண்டி வரவேண்டுமே! தென்னூரில் டிராக்டர் வாடகைக்கு விடும் ஷேக் தாவூதிடம் போனார். அங்கே இரண்டு ட்ரெய்லர்கள் நின்றன. ஒன்று சின்னது. மற்றது கரும்பு ஏற்றுகிற பெரியது.

"சின்னதை எடுத்துக்கங்கண்ணே. சக்கரம் மூணும் பலகையை ஒட்டி நிக்கும், அசையாது. பெரிசுல சுத்திலும் எடம் கெடக்கும். கயித்தை நம்பித்தான் போகணும்."

"எடம் இருந்தா நல்லதுதானே பாய்? பெரிசையே குடுங்க."

ஷேக் தாவூது தலையில் அடித்துக்கொண்டு பெரியதையே கொடுத்தார்.

டிராக்டர் ஓட்ட வந்த தைரியராஜ் வண்டியை ஏற்றி, நாலு பக்கமும் நீளநீளமாகக் கயிறு இழுத்துக் கட்டினான். அத்தோடு விட்டாரா மனுஷர்? "வெறும் வண்டியா வீட்டுக்கு வரக்கூடாது. நீ ஏறி ஸீட்டுல உக்காரு" என்றார், வண்டியைப் பார்க்கக் கூட வந்திருந்த மயிலம்மாளிடம்.

"பயமா இருக்குங்க."

"நான்தான் முன்னால இருக்கேன்ல!"

டிராக்டர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்கவில்லை. வீரமலை தைரியராஜ் அருகில் ஒண்டிக்கொண்டு, ராஜாபோல் நேராகப் பார்த்தபடி வந்தார். மேடேறிப் பாலத்துக்கு வந்து, பாலத்தையும் கடந்தாயிற்று. மனைவியிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று திரும்பினார்.

ட்ரெய்லர் காலி.

வண்டி இல்லை. மயிலம்மாள் இல்லை. பின்பலகை திறந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. "ஐயோ, ஐயோ!" என்று அலறியது தன் வாய்தான் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓடுகிற டிராக்டரிலிருந்து குதித்தார். முழங்கால் கிழிந்தது. எழுந்து வந்த வழியே ஓடினார். பாலம் முடிகிற மாதிரியே இல்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினார். போயிட்டாளா? பாவி, நானே ஏத்தி வச்சுக் கொன்னுட்டேனா?

பாலத்துக்கு அந்தப் பக்கம், மேடு தொடங்குகிற இடத்தில் கூட்டம் நின்றது. மேட்டில் ஏறும்போதே கயிறுகள் தளர்ந்து அறுபட்டு, வண்டி பின்னால் உருண்டு பலகையில் இடித்திருக்கிறது. பலகையின் கொக்கி கழன்றுவிட்டது. அறுபடாத ஒரு கயிறு இழுத்துப் பிடித்ததால் மெல்லச் சறுக்கி இறங்கிய வண்டி, அந்தக் கயிறும் அறுந்ததும் சரிவில் ஓடி மணல் குவியலில் முட்டி நின்றிருந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. மயிலம்மாள் நெற்றியில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

உயிரோடுதான் இருக்கிறாள்! வீரமலை அவள் எதிரிலேயே மண்ணில் உட்கார்ந்தார்.

பூக்கூடையோடு நின்ற ஒரு பெண் அவரை முறைத்தாள். "நீதான் வீரமலையா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டே! வீரமலை, வீரமலைன்னு இந்தம்மா தொண்டை கிழியக் கத்துச்சே. ரோட்டுல போன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தோம்."

வீரமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்லவைப்பாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிட்டே?" என்றார்.

மயிலம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல 'ஏங்க'ன்னுதான் கூப்பிட்டேன்" என்றாள். "நீங்க திரும்பல."