வாக்குக் கேட்கப் போன என் வழக்கறிஞர்

பத்திரிகைகள் திட்டித்தீர்த்த வழக்கறிஞர் ஒருவர்தான் என் அகதி வழக்கை நடத்தினார். ஊரே வெறுத்தவர்களுக்காகவும் வாதாடியவர். என் விசாரணைக்கு முந்தின வாரம், நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த தன் அலுவலகத்தில், இஸ்ரேலுக்குக் குடிபோய்த் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். நான் இருக்க இடம் கேட்டுத் தவிக்கும் நாட்டை இவர் ஏன் விட்டுப்போகிறார்?

“ஏன் போறார் எண்டு கேளுங்கோ அண்ணை,” என்றேன், எனக்காக அங்கே வந்திருந்த மொழிபெயர்ப்பாளரிடம்.

“உம்மட வழக்கைக் கேளும் ஐசே!”

“அது பேந்து கேப்பம்.”

மொழிபெயர்ப்பாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இஞ்ச தன்ர பேச்சை நீதிபதி ஒராள்தானாம் கேக்கிறது. அங்க நாடே கேக்குமாம். உம்மட விசாரணை முடிஞ்சுதான் பயணமாம்.”

விசாரணையன்று அந்தச் சின்ன அறையில் அவர் பொதுக்கூட்டத்தில் பேசுவதைப் போல முழங்கினார். எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அவரும் அங்கே தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார், அங்கேயும் திட்டுகிறார்களாம்.