ஒரு பெயருக்கு ஒரு சால்வை

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கம் உப்பளத்து ஓரத்தில் ஓர் அம்மன் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு உப்புப் பாத்தியில் இறங்குகிற பெண்கள், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் மகளுக்கு உன் பெயரையே வைக்கிறேன் என்று அவளிடம் வேண்டிக்கொள்வார்கள். பிழைத்தவர்கள் எல்லாரும் சொன்னபடி வைத்தார்கள். என் அம்மா வேலை செய்த கூட்டத்தில் மட்டும் அதே பெயரில் ஏழு பேர் இருந்தார்கள்.

இதனால் யாருக்கும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. வீட்டு வாசலில் ஒற்றைப் பனை நின்றதால் என் அம்மா பனமரத்துக்காரி. மேட்டுத் தெருவில் வாக்கப்பட்டவர் மேட்டுக்காரி. கூனிமேட்டிலிருந்து வந்தவர் கூனிமேட்டுக்காரி. மேஸ்திரி வரப்பில் நின்று குரல் கொடுத்தால் எந்தத் தலை திரும்ப வேண்டுமோ அந்தத் தலைதான் திரும்பும். ஆனால் வெளியாள் யாராவது வந்து பெயர் கேட்டால் இதைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற நல்ல பெயரைத்தான் சொல்வார்கள். படித்தவர்கள் முன்னால் பனமரத்துக்காரி என்று சொல்லிக்கொள்வது மரியாதை இல்லை என்பது எங்கள் ஊர் எண்ணம்.

அந்த எண்ணத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. பல வருஷத்துக்கு முன்பு ஓர் ஆய்வாளர் உப்பளத்துக்கு வந்து, பெண்களிடம் பேசிப் பதிவு செய்தார். அப்போது நான் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அவர் அம்மாவிடம் வந்து, "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றபோது அம்மா சிரித்துக்கொண்டே, "என்ன எல்லாரும் பனமரத்து..." என்று ஆரம்பித்தார். நான் இடையில் புகுந்து, "அம்மா, கார்டுல இருக்கிற பேர சொல்லு" என்றேன். அம்மா உடனே சேலையைச் சரிசெய்துகொண்டு நல்ல பெயரைச் சொன்னார். மேட்டுக்காரி அத்தையும் கூனிமேட்டுக்காரி அத்தையும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். என் வேலையில் பாதி, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்து வைப்பது. ஒரே பெயரில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஒரு கண் மருத்துவர், ஒரு சமையல் புத்தக ஆசிரியர் இருப்பார்கள். ஒருவர் புத்தகம் மற்றவர் கணக்கில் ஏறிவிட்டால், கண் மருத்துவர் எழுதிய மீன் குழம்பு என்று பையன்கள் சிரிப்பார்கள். அதனால் ஊரைச் சேர்ப்போம், தலைப்பெழுத்தைச் சேர்ப்போம், பிறந்த வருஷத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ப்போம். இது புதிய வழக்கமும் இல்லை. ஒரே பெயரில் நாலு அரசர்கள் வந்தால் முதலாம், இரண்டாம் என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய புலவர்களில் ஒரே பெயர்க்காரர்கள் வந்தால் இன்ன ஊர்க்காரர், இன்ன வணிகர் மகன், இன்ன ஆசிரியர் மகன் என்று அடையாளம் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பனமரத்துக்காரியும் மேட்டுக்காரியும் அதே வேலைதான். இதை நான் புரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று.

ஒருநாள் புதிதாக வந்த புத்தகக் கட்டில் அந்த ஆய்வாளரின் நூல் இருந்தது. அட்டையில் எங்கள் உப்பளம். ஆசையாகத்தான் புரட்டினேன். நடுவில் ஒரு முழுப் பக்கத்துக்கு அம்மாவின் படம். கையில் உப்பு வாரும் பலகை, முகமெல்லாம் சிரிப்பு. கீழே அந்த நல்ல பெயர். அதற்கும் கீழே, தடித்த எழுத்தில், அவர் சொன்னதாக ஒரு வாசகம்: 'முதலாளி எங்களுக்கு அப்பா மாதிரி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.'

அம்மாவின் அப்பா செத்தது அந்த முதலாளியின் பாத்தியில்தான். சித்திரை வெயிலில் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. குவித்த உப்பை மழையில் நனையாமல் மூடப் பனையோலை வாங்கி வைத்திருந்தார்கள், மனுஷனுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஓலையில் இரண்டை உருவித்தான் அவர்மேல் பிடித்தார்கள். அதற்குள் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்த கையோடு அம்மா உப்பு லாரிக்கு முன்னால் போய் நின்றார். நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டால்தான் லாரி நகரும் என்றார். கொட்டகை வந்தது. நாலு கம்பமும் மேலே தகரமும், இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் இரண்டு வருஷம் அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. விடியற்காலைப் பஸ் பிடித்து ஆரோவில்லுக்குத் தோட்ட வேலைக்குப் போனார். அந்த அம்மாவின் முகத்துக்குக் கீழேதான் முதலாளி அப்பா மாதிரி என்று அச்சடித்திருந்தார்கள்.

பக்கத்தை மேலும் படித்தேன். இந்தப் பெண்மணி கூனிமேட்டில் பிறந்தவராம். மூன்று மகன்களாம். உள்ளங்காலை வைத்தே உப்பு விளைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். பிறந்தது மரக்காணம். கூனிமேட்டில் பிறந்ததும் காலை வைத்து உப்பைச் சொல்வதும் கூனிமேட்டுக்காரி அத்தை. மூன்று மகன்கள் மேட்டுக்காரி அத்தைக்கு. மூன்று பேரை ஒன்றாகப் பிசைந்து ஒருத்தி ஆக்கியிருந்தார் மனிதர்.

இதைவிட என்னைக் கொதிக்கவைத்தது முன்னுரையில் இருந்த ஓர் அடிக்குறிப்பு. ஒரே பெயரில் அறியப்படும் இரண்டு பழைய உரையாசிரியர்கள் ஒருவரா இருவரா என்று மூன்று பக்கத்துக்குப் பொடி எழுத்தில் வாதாடியிருந்தார். நடை வேறாம், மேற்கோள் வேறாம், ஊர் வேறாம். ஆகவே இருவர்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன இரண்டு ஆண்களைப் பிரிக்க மூன்று பக்கம். எதிரில் உட்கார்ந்து பேசிய மூன்று பெண்களைப் பிரிக்க அவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் எனக்கு முன்பே உப்பளத்து ஆபீஸ் சுவரில் ஏறிவிட்டது. முதலாளி வீட்டார் ஒட்டியது. அம்மா ரோட்டில் போனால், "அப்பா ஆபீஸ்லதான் இருக்கிறாரு, பாத்துட்டு போயேன்" என்று கிண்டல் வேறு. அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் அப்படி சொல்லலன்னு யாராண்ட போயி சொல்றது? அந்த வரி என் மூஞ்சிக்கு கீழ இருக்கக் கூடாது. அத எடுக்க முடியுமா, முடியாதா?"

நூலில் இருந்த எண்ணுக்கு மறுநாளே போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை, நல்ல மரியாதையாகப் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். "மூணு பேருக்கும் ஒரே பேரா? நோட்ஸ்ல ஒரே ஆள்னு நினைச்சுட்டேன்மா. ஆனா பாருங்க, மூணு பேருமே உப்பளத்துல வேலை செய்றவங்கதானே? அனுபவம் எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.

"அந்த ரெண்டு உரையாசிரியரும் உரைதானே சார் எழுதினாங்க?" என்றேன்.

அவர் பேச்சை மாற்றி, அடுத்த மாதம் எங்கள் கல்லூரிக்கே நூல் அறிமுக விழாவுக்கு வருவதாகவும், அம்மாவை அழைத்து வந்தால் மேடையில் கௌரவிப்பதாகவும் சொன்னார். அழைத்து வருகிறேன் என்றேன். எத்தனை பேரை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று காலை ஷேர் ஆட்டோவில் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். கூனிமேட்டுக்காரி அத்தை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மேட்டுக்காரி அத்தை பொம்மையார்பாளையம் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாசகத்தைச் சொன்னது அவர்தான் என்று எங்களுக்குத் தெரியும். அவர் இன்னமும் அதே உப்பளத்தில்தான் வேலை செய்கிறார். அம்மா அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழாவில் எல்லாரும் பேசி முடித்தபின், "இந்நூலின் நாயகியை மேடைக்கு அழைக்கிறோம்" என்று அந்தப் பெயரைச் சொன்னார்கள். மூன்று பேர் எழுந்து நடந்தார்கள். அரங்கத்தில் மாணவர்கள் சிரித்தார்கள். தொகுப்பாளர் கையில் இருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டில் ஒரே ஒரு சால்வை இருந்தது.

ஆய்வாளர் சால்வையை விரித்துப் பிடித்தபடி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுத்து வருஷம் பல ஆகிவிட்டது, அம்மா இளைத்துப்போயிருந்தார். கடைசியில் அவர் கூனிமேட்டுக்காரி அத்தை பக்கம் போனார். அத்தை இரண்டடி பின்னால் நகர்ந்து, "எனக்கா? இந்த வெயில்ல கம்பளி எதுக்கு சார் எனக்கு? படத்துல இருக்கிறவ அதோ நிக்கிறா, பாருங்க" என்றார். மறுபடி சிரிப்பு.

அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். "சார், படம் என்னுதுங்க. பேச்சு என்னுது இல்லீங்க. முதலாளி எனக்கு அப்பா மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன். எங்கப்பா அவரு பாத்தியிலதான் விழுந்து செத்தாரு. தப்பு எங்க மேலயும் இருக்குது, மூணு பேரும் ஒரே பேர சொல்லிட்டோம். ஆனா மூணு மூஞ்சிய நீங்க நேர்ல பாத்தீங்க இல்ல?"

ஆய்வாளர் திருத்திவிடுகிறேன் என்று தலையாட்டினார். அப்போதுதான் மேட்டுக்காரி அத்தை அம்மா கையிலிருந்து மைக்கை இழுத்தார்.

"நான்தாங்க சொன்னேன். நீங்க கேட்டப்ப மேஸ்திரி என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. உங்களுக்கும் அவருதான் டீ வாங்கியாந்தாரு, ஞாபகம் இருக்குதா? வேற என்னா சொல்லுவேன்? அவ மூஞ்சிக்கு கீழ போட்டத எடுங்க, என் மூஞ்சிய போட்டுக்குங்க. ஆனா மேஸ்திரி நின்னாருன்னும் சேத்து எழுதுங்க."

மூன்று பேரும் சால்வையைத் தட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். மறுநாள் மேட்டுக்காரி அத்தையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு மாதமும் அம்மா தினமும் அவர் வீட்டுக்குப் போய் வந்தார்.

மறுபதிப்பு இந்த வருஷம் வந்தது. கட்டைப் பிரித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் தேடினேன். அம்மாவின் படம் அப்படியே இருக்கிறது. கீழே வாசகம் இல்லை. பெயரும் இல்லை. 'ஓர் உப்பளத் தொழிலாளி' என்று மட்டும் போட்டிருக்கிறார். அப்பா மாதிரி என்ற வரி உள்ளே ஒரு பத்தியில், 'தொழிலாளர்கள் கூறுகின்றனர்' என்று பன்மையில் உட்கார்ந்திருக்கிறது. மேஸ்திரி எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை. உரையாசிரியர் அடிக்குறிப்பு மட்டும் புதுச் சான்றுகளோடு நாலு பக்கமாக வளர்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மேஜையில் அறைந்தேன். நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்ற பலகை என் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

சாயங்காலம் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா படத்துக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இங்க அது இல்ல இல்ல?"

"இல்லம்மா."

"மேஸ்திரி நின்னது?"

"அதுவும் இல்ல."

"அப்ப அவ வேலைய வுட்டது எதுக்கு?" என்றார் அம்மா. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "நீதான் பொஸ்தகத்தோடவே கெடக்கிறியே, நீ எழுது. நாங்க மூணு பொம்பளைங்க. யாரு என்னா சொன்னா, யாரு பக்கத்துல நின்னா, எல்லாத்தயும் எழுது."

"பேர் போட்டா மறுபடியும் மூணும் ஒண்ணாயிடுமேம்மா."

"அந்தப் பேரு எதுக்குடி? பனமரத்துக்காரின்னு போடு. அன்னைக்கே அதத்தான் சொல்ல வந்தேன், நீதான் வாய அடச்சிட்ட."

போட்டுவிட்டேன், அம்மா.