மரிபெல் அம்மையாரின் மட்டக்களப்பு வேடம்

"நான் நடிக்கேலாத வேடம் இந்தப் பூமியிலை இன்னும் ஆரும் எழுதேல்லை."

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கையில் மிக்சர் தட்டோடு, மரிபெல் அம்மையார் இப்படிப் பிரகடனம் செய்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதை அவர் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னது ஒரு காரணம். அது கிட்டத்தட்ட உண்மையாக இருந்தது இன்னொன்று.

அம்மையார் பிறந்தது தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் துறைமுக நகரான குவாயாகிலில். இளம் வயதிலேயே தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பணக்கார வீட்டு வேலைக்காரியாக நுழைந்து, மாடிப்படியிலிருந்து தள்ளிவிடப்பட்டு இறந்து, நேயர்கள் அழுத அழுகையைப் பார்த்துத் தயாரிப்பாளர் மனமிரங்கியதால் தன்னுடைய இரட்டைச் சகோதரியாகத் திரும்பி வந்தவர். பிறகு சினிமா. ஒரு படத்தில் கன்னியாஸ்திரி. அடுத்த படத்தில் கன்னியாஸ்திரிகள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய வசனங்கள். நாடகக் குழுவோடு டென்மார்க்குக்கு வந்தவர், குழு திரும்பிப் போன பிறகும் இங்கேயே நின்றுவிட்டார்.

டெனிஷ் திரையுலகம் திகைத்துப் போனது. ஒரே முகத்தால் இத்தனை நாடுகளைச் சமாளிக்கலாம் என்று அதற்கு அதுவரை தெரியாது. துருக்கி மாமியார், ஈராக்கிய விதவை, துப்பறியும் தொடர்களில் பிணத்தை முதலில் கண்டு அலறுகிற துப்புரவுப் பெண். அந்த அலறலுக்காகவே கொப்பன்ஹேகனிலிருந்து கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

ஒரு தொடருக்குத் தமிழ் அகதிகள் தேவைப்பட்டார்கள். வன்னியிலிருந்து தப்பி வந்த நித்தியானந்தனும் வரிசையில் போய் நின்றார். இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அகதி மாதிரி இல்லை" என்று அந்த அசல் அகதியைக் கழித்துவிட்டு மரிபெலைத் தெரிவு செய்தார். கோப்பி வாங்கும் இடத்தில் நித்தி எரிச்சலோடு டெனிஷில் கேட்டார்:

"உமக்குச் சேலை கட்டவாவது தெரியுமோ?"

"தெரியாது. ஆனா உமக்கு உம்மை நடிக்கவே தெரியேல்லையே!"

அடுத்த கோடையில் கல்யாணம். அம்மையார் தமிழையும் ஒரு பாத்திரத்தை மனப்பாடம் செய்வதுபோலக் கணவரிடம் கற்று முடித்தார்.

வன்னியில் அப்போது சண்டை இறுகிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த நித்தியின் தாய் யோகம்மா கடைசியாகத் தொலைபேசியில் கிடைத்தபோது, அவருக்கு ஒரு கவலையாவது குறையட்டும் என்று நித்தி சொல்லிவிட்டார்: "கலியாணம் முடிச்சிட்டன் அம்மா. தமிழ்ப் பிள்ளைதான்." தொடர்பு அறுந்தது. அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், தாய் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

2009 டிசம்பரில் செய்தி வந்தது. சண்டை முடிந்து முகாமில் அடைபட்டிருந்த யோகம்மா வெளியே வந்துவிட்டார். வவுனியாவில் உறவினர் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கணினியில் முகம் பார்த்துப் பேசலாம். மருமகளையும் பார்க்க வேண்டுமாம்! நித்தி வெறுங்காலோடு வாசல் பனிக்குள் ஓடினார். ஏன் ஓடினோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். கால் சூடேறிய பிறகுதான் அந்தத் 'தமிழ்ப் பிள்ளை' நினைவுக்கு வந்தது.

உடனே சபாரத்தினம் வரவழைக்கப்பட்டார். அவர் கோழித் தொழிற்சாலை ஊழியர். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களின் இயக்குநர். எல்லா நாடகங்களிலும் ராசாவும் அவரே.

"அம்மா முதல் கேக்கிறது, 'எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை' எண்டுதான்," என்றார் அவர். "யாழ்ப்பாணம் எண்டால் பிடிபட்டிடுவம். ரெண்டாவது கேள்வியிலை வீட்டு வேலி வரைக்கும் வந்திடுவா. கிழக்கிலை, மட்டக்களப்பு எண்டு விடுவம். பிள்ளை எப்பிடிக் கதைச்சாலும், 'அங்கை அப்பிடித்தானாக்கும்' எண்டு எங்கடை ஆக்கள் நம்புவினம்."

"சொந்தக்காரர் ஆரெண்டு கேட்டா?" நித்தி தவித்தார்.

"தாய் தேப்பன் சண்டையிலை செத்திட்டினம். செத்தவையை ஆர் போய் விசாரிக்கிறது?"

மரிபெல் துள்ளி எழுந்தார். "அநாதை! அது எனக்குத் தண்ணி பட்ட பாடு, அண்ணை. ரீவியிலை எத்தினை தரம் தாய் தேப்பனைச் சாகடிச்சனான்!"

வீடு திருவிழாவானது. சேலை வந்தது, பொட்டு வந்தது, ராசமலர் என்ற பெயரும் வந்தது. அம்மையார் நாக்கைச் சுழற்றி "ர்ர்ர்ராசமலர்" என்றார்.

"பிள்ளை, பேருக்குள்ளை மோட்டார் சைக்கிள் ஓடுது. மெதுவா!" என்றார் இயக்குநர்.

ஞாயிறு காலை. திரை நடுங்கியது, உறைந்தது, தெளிந்தது. யோகம்மா!

"அம்மா, நல்லா மெலிஞ்சு போனியள்," என்றார் நித்தி.

"அந்தச் சதையெல்லாம் உன்னட்டையெல்லே வந்திருக்கு," என்றார் தாய். "எங்கை என்ரை மருமோள்?"

சபாரத்தினம் மேசைக்குப் பின்னாலிருந்து கை காட்டினார். அம்மையார் திரைக்குள் நுழைந்தார். "வணக்கம் மாமி. நான் ராசமலர்." பிசிறே இல்லை. சபாரத்தினம் கண்ணை மூடி ரசித்தார். எல்லோரும் ஊர்க் கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யோகம்மா ஊரைக் கேட்கவில்லை.

"தாய் தேப்பன் மிஞ்சினவையோ, பிள்ளை?"

அந்த வருஷம் அங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் விசாரித்தார்கள். அம்மையார் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. அருமையான இடைவெளி விடுகிறார் என்று சபாரத்தினம் மெச்சிக்கொண்டு காத்திருந்தார். யோகம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்தியபடி திரைக்கு அருகே குனிந்தார். இன்னும் இரண்டு பேருக்காக அழ அவர் ஆயத்தமாகிவிட்டார்.

"இருக்கினம் மாமி," என்றார் மரிபெல். "ரெண்டு பேரும் சுகமா இருக்கினம்."

"ரெண்டு பேருமோ! கடவுளே, ரெண்டு பேருமோ! எங்கையம்மா இருக்கினம்?"

சபாரத்தினம் தலையில் கை வைத்தார்.

"குவாயாகிலிலை. நான் ராசமலர் இல்லை மாமி, தமிழ்ப் பிள்ளையும் இல்லை. என்ரை பேர் மரிபெல்."

நித்தி தரையைப் பார்த்தார். யோகம்மா அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அங்கையும் சண்டையோ, பிள்ளை?"

"இல்லை மாமி."

"அது போதும், பிள்ளை," என்று யோகம்மா முந்தானையைக் கீழே விட்டார்.