பிரேக்கக்கா கட்டிலை விட்டு இறங்கியது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு விழுந்த பெயர் பிரேக்கக்கா. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. மற்றவர்கள் அதை அவசரத்துக்கு மிதித்தார்கள். இவள் அவசரம் வருவதற்கு முன்பே மிதித்துவிடுவாள். தெருத் திருப்பத்தில் ஒரு பூனை படுத்திருந்தால், எழுந்து ஓடலாமா வேண்டாமா என்று பூனை முடிவு செய்வதற்குள் வண்டி நின்றிருக்கும். கூடவே திட்டும் வரும். "கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை சீவவா?" யாரையும் அவள் பாராட்டியதில்லை. நன்றாக ஓட்டினால் "ம்" என்பாள். அந்த "ம்" கிடைப்பதற்குள் சிலருக்கு உரிமமே கைக்கு வந்துவிடும்.

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளால் கணவருக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எதற்கும் பதறாத மனிதர். ஒரே ஒரு நாள் அவளிடம் பாடம் கேட்டார். பாதி வழியில் இறங்கி, குடும்பமா காரா என்று பார்த்தால் தனக்குக் குடும்பம் போதும் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போனார்.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒப்புக்கொண்ட பிறகு, அவள் உண்டானாள். எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போனாள். ஸ்டியரிங் பக்கத்து ஆளிடம்தானே இருக்கிறது, வயிற்றுக்கு இடம் தாராளம் என்றாள். அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் குழந்தை தலை மேலாக, உட்கார்ந்த வாக்கில் இருந்தது. திரும்பிவிடும் என்று டாக்டர் காத்துப் பார்த்தார். திரும்பவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

துணைக்கு வந்திருந்த நாத்தனாருக்கு, அதாவது கணவரின் தங்கைக்கு, வாய் சும்மா இருக்காது. "உங்க பிள்ளைதானே அண்ணி. இண்டிகேட்டர் போட்டுட்டு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும்" என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, எம்பக் கூடாது, குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த பிரேக்கக்கா, இடுப்பில் உள்ளங்கையை வைத்து அளந்தபடியே வீட்டைச் சுற்றினாள். அந்த உயரத்துக்கு மேலே இருந்ததெல்லாம் கீழே இறங்கியது. கீழே இருந்ததெல்லாம் மேலே ஏறியது. பரணில் இருந்த மாவு டப்பா, அடுப்புக்கு அடியில் இருந்த குக்கர், செருப்பு வைக்கும் தட்டு, எல்லாமே. தண்ணீர்க் குடம் போய்ச் சின்னச் சின்னக் கூஜாக்கள் வந்தன. தூக்கி வைத்தது கணவர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டியைப் பின்னுக்கு எடுக்க வழி சொல்வது போல, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், போதும்னேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கும் முறைக்கும் ஒத்திகை நடந்தது. ஒருக்களித்துப் புரள வேண்டும், காலைக் கீழே தொங்கப்போட வேண்டும், முழங்கையை ஊன்றி உடம்பைத் தள்ள வேண்டும். அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று கணவரையே கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு தலையணையைக் கொடுத்தாள்.

"உங்களுக்குத் தையல் போட்டிருக்காங்க. விருட்டுனு எழுந்தா என்ன ஆகும்?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "கத்துவேன்."

"யாரைப் பாத்து?"

"உன்னைப் பாத்துத்தான்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

தயார் செய்யக்கூடியவை எல்லாம் தயாராகிவிட்டன. ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆபரேஷன் மேசையில் தான் செய்வதற்கு எதுவுமே இருக்காது என்பதுதான் அவளுடைய பயம். வலிக்கக்கூட வேண்டியதில்லையாம். சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் நடந்தது. வெறும் வயிற்றோடு போனாள். வீங்கிய விரலிலிருந்து சோப்புப் போட்டுக் கழற்றிய மோதிரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணவர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டார். முதுகை வளைத்து உட்காரச் சொல்லித் தண்டுவடத்தில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. மார்புக்கு மேலே ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் யாரோ அவசரமாகப் பைக்குள் கையை விட்டு எதையோ துழாவுவது போல இருந்தது. வலி இல்லை. பிறகு ஓர் அழுகை. பெண் என்றார்கள். ஒரு நர்ஸ் குழந்தையை அவள் கன்னத்தருகே கொண்டுவந்தபோது ஒரு காதும் கொஞ்சம் ஈர முடியும் தெரிந்தன. அதற்குள் மூச்சு வேகமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பச்சிளங்குழந்தைகள் அறைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் என்றது மறுநாள் வரை நீண்டது. பெற்றேனா, எடுத்துக் கொடுத்தார்களா? இது வேறு யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் வார்டின் மின்விசிறியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். விசிறியும் சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்டது.

அன்று சாயங்காலம் கால்கள் திரும்பி வந்தன. கூடவே வலியும் வந்தது. நர்ஸ் உதவியோடு பிழிந்த சில சொட்டுப் பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கணவர் போனார். தேய்த்து முடித்த லென்ஸை எடுத்துப் போகிறவரின் நடை. திரும்பி வந்ததும் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றார். நன்றாக என்றால்? வெகு நேரம் யோசித்துவிட்டு, கண் இரண்டும் நேராக இருக்கின்றன என்றார். பிறகு கைபேசியை நீட்டினார். குழந்தையைப் படம் எடுத்து வந்திருந்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் பாத்தாச்சு. தரை துடைக்கிற அம்மாகூட பாத்துட்டு வந்து மூக்கு உங்க மூக்குன்னு சொல்லுது. நான் இதைப் பாத்துட்டு அழகா இருக்குன்னு சொல்லணுமா? யார் வீட்டுப் பிள்ளையையோ சொல்ற மாதிரி?"

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். அதன் பிறகு அவரும் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, எழுந்து வந்தால் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். சக்கர நாற்காலி வாசலிலேயே நின்றது. கட்டிலிலிருந்து அதுவரைக்கும்தான் அவள் பாடு. ஒருக்களித்தாள். காலைத் தொங்கப்போட்டாள். முழங்கையை ஊன்றி உடம்பைத் தள்ளியதும் அடிவயிற்றில் சுரீரென்று ஓர் இழுப்பு, துணி கிழிகிற மாதிரி. அப்படியே சாய்ந்துவிட்டாள். மறுபடி, அதற்கும் மறுபடி, அதேதான். கணவர் தோளைப் பிடிக்கப் போனபோது, தொட்டால் தெரியும் என்றாள். டாக்டர் வந்து, படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும் என்று எச்சரித்துப் போனார். நாத்தனார் கெஞ்சிப் பார்த்தாள். சாயங்காலம் பார்க்கலாம் என்று இவள் சொல்லிவிட்டாள். முறை தெரியாமல் இல்லை, ஊரையே கூட்டி ஒத்திகை பார்த்தவள். வலிகூடப் பெரிதில்லை. வயிறு பிரிந்துவிடும் என்று நினைத்தாள். அதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று சொல்லவில்லை.

அடுத்த ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ் பருமனான, நிதானமான பெண். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முகக்கவசத்தை இறக்கினாள்.

"என்னைத் தெரியலையாக்கா?"

பிரேக்கக்கா உற்றுப் பார்த்தாள். "மேட்டுல அழுத பொண்ணு."

"அவதான்."

"இப்ப ஓட்டுறியா?"

"தினமும் ஓட்டிக்கிட்டுத்தான் டூட்டிக்கு வர்றேன்."

"ம்."

நர்ஸ் கட்டில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அக்காவிடம் கற்றுக்கொண்ட நாளெல்லாம் வண்டியைத் தான் நிறுத்தினோமா அக்கா நிறுத்தினாளா என்றே தெரியாதாம். கடைசி நாள் அதே மேட்டில் அக்கா இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாளாம். உயிரே போய்விட்டது, ஆனாலும் வண்டி நகர்ந்தது என்றாள். பிரேக்கக்காவுக்கு இது சுத்தமாக நினைவில்லை.

"பிரிஞ்சிடும்னு பயம். அதானே?"

பிரேக்கக்காவின் கை அடிவயிற்றுக்குப் போனது.

"எல்லாருக்கும் அதே பயம்தான். வெளியில தெரியறது ஒரு தையல். உள்ள அடுக்கடுக்கா இருக்கு. இழுக்கும், எரியும், பிரியாது. ஆனா நான் பிடிக்க மாட்டேன்கா. பிடிச்சா என்னை நம்புவீங்க, உங்க வயித்தை நம்ப மாட்டீங்க. பக்கத்துல நிப்பேன். தலையணையை அமுக்கிக்கங்க. மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க, விட்டுக்கிட்டே எழுந்திருங்க."

அவள் மூச்சை விட்டாள். இழுத்தது. எரிந்தது. பாதம் இரண்டும் தரையில் சில்லென்று பட்டன. முதுகு வளைந்து, முகம் தரையைப் பார்க்க, தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தது அவள்தான். நின்ற வேகத்தில், நடந்தே போகிறேன் என்றாள்.

"மொத நாளே பந்தா வேணாம். உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

நாற்காலியைத் தள்ளியது கணவர். அவர் கடைசி வரை ஓட்டிய முதல் வண்டி அது. தாழ்வாரம் முழுக்க அவளுக்கு வாய் ஓயவில்லை. சுவரைப் பார், திருப்பத்தில் நின்று போ, எதிரே ட்ராலி வருகிறது பார். அவர் தலையாட்டிக்கொண்டே, தன் இஷ்டத்துக்கு ஓட்டினார்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்தே அழுகை, மூச்சு சரியாகிவிட்டது, இது வெறும் கோபம் என்றாள் அந்த அறையின் நர்ஸ். பிரேக்கக்கா பார்த்தாள். பார்த்ததும் உள்ளே ஏதோ பொங்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றும் பொங்கவில்லை. சிவந்த முகத்தோடு, யார் மீதோ கடுங்கோபத்தில் இருந்த ஒரு புது ஆள். இவளை எனக்குத் தெரியாது, என்னையும் இவளுக்குத் தெரியாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் கணவர் நாற்காலியைத் தொட்டிலின் கம்பியில் கொண்டுபோய் இடித்தார்.

"எங்க பாத்து ஓட்டுறீங்க?"

அழுகை சட்டென்று நின்றது. வாய் திறந்தபடி இருக்க, குழந்தை குரல் வந்த பக்கம் கவனித்தது.

நாத்தனார் கதவருகிலிருந்து, "பின்ன? உள்ள இருந்தப்போ இந்தத் திட்டைக் கேட்டுத்தானே வளந்துச்சு" என்றாள்.

பிரேக்கக்காவுக்கு ஏதாவது இதமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை. "என்ன, கையைக் காலை இப்படி உதைக்கிற? பாத்து" என்றாள். குழந்தை அதையும் கேட்டது. மார்பில் கொண்டுவந்து கிடத்தியபோது அந்தச் சின்ன உடம்பின் சூடு முதலில் தெரிந்தது, கனம் பிறகு. குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. அதனால் உச்சந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு உடம்பு தன் போக்கில்தான் தேறியது. தும்மல் வந்தால் வயிற்றில் அமுக்கத் தலையணையைத் தேட வேண்டியிருந்தது. தழும்புக்கு மேலே ஒரு பட்டை தொட்டால் உணர்வே இல்லாமல் கிடந்தது. சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று நாத்தனாரை அறைக்குள் பேசக் கூடாதென்று தடுத்தாள். அவள் சமையலறையில் நின்று சுவரிடம் சொன்னாள், அதற்கும் சிரிப்பு வந்தது. இடுப்புயரத்தில் வைத்த சாமான்கள் அவளுக்குச் சௌகரியம். கணவர்தான் போகிற வருகிற இடமெல்லாம் இடித்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைப் பார்க்க வந்தாள். நல்ல மனுஷிதான். டீயைக் குடித்துக்கொண்டே, "உனக்கென்னம்மா, ஆபரேஷன். நோகாம பெத்துட்ட" என்றாள்.

நாத்தனாருக்குச் சுர்ரென்று ஏறியது. பதிலுக்கு வாயைத் திறந்துவிட்டாள். பிரேக்கக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமாக்கா. அவங்கதான் எடுத்துக் கொடுத்தாங்க. நான் எழுந்து போய் வாங்கிக்கிட்டேன்."

வந்தவளுக்கு அது விளங்கவில்லை. மூக்கு யார் ஜாடை என்று ஆரம்பித்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. எடுத்து வருகிறேன் என்று எழப்போன நாத்தனாரைப் பிரேக்கக்கா உட்காரச் சொல்லிவிட்டு, அடிவயிற்றில் ஒரு கையை வைத்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.