ஓரகத்திக் காய்ச்சல்

கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, சன்னலோர சீட்டு. அதன்மேல் ஒரு ரோஸ் நிறக் கர்ச்சீப் கிடந்த காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நான்காக மடித்து, ஓரத்தில் மஞ்சள் கறையோடு, பட்டா வாங்கிக் குடியேறியதுபோல உரிமையோடு கிடந்தது. போன வருஷம் புத்தாண்டு அன்று. அந்த சீட்டு ஒரு காலத்தில் என்னுடையது. கர்ச்சீப் என் ஓரகத்தியுடையது.

ஓரகத்தி என்றால் கணவரின் கூடப்பிறந்தவர் மனைவி; இவள் தம்பி மனைவி. நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில். "ஒரகடத்துல பாதி நாளு, ஓரகத்தியாண்ட பாதி நாளு, உன் பொழப்பே ஓரமாப் போச்சி" என்று என் கணவர் கேலி செய்வார். சிரித்து வைப்பேன். அவருக்குத் தெரியாது, அந்தக் கேலியில் பாதி உண்மை என்று.

நாங்கள் செய்வது கார்களுக்கான சீட்டு. நான் குவாலிட்டியில் இருக்கிறேன். சீட்டு உறையில் தையல் விட்டிருக்கிறதா, நூல் பிசிறு நிற்கிறதா, மடிப்பு கோணியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

வாலாஜாபாத்தில் பஸ் ஏறினால் ஒரகடம் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. என் கதைகள் எல்லாமே அந்த சீட்டில், அந்த நேரத்தில் எழுதியவைதான். வீட்டில் பேனாவைத் திறந்தால் உடனே யாருக்காவது பசிக்கும். பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். சன்னலுக்கு வெளியே ஏரி போகும், அறுத்த வயல் போகும், வயலாக இருந்து பிளாட் ஆன இடம் போகும், வெள்ளைத் தாள் ஒட்டிய புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் போகும். வேகத்தடை வந்தால் எழுத்து ஒரு முறை துள்ளும். அப்படித் துள்ளித் துள்ளி எழுதியவை ஒரு மெல்லிய தொகுப்பாக வந்தன. ஒரு பத்திரிகை வருஷா வருஷம் பொங்கல் மலருக்கு என்னிடம் கதை கேட்க ஆரம்பித்தது. ஊரில் 'எழுதுற பொண்ணு' என்று பெயர் வந்தது. பொண்ணு என்று சொல்லும் வயதைத் தாண்டிய பிறகுதான் வந்தது என்றாலும், வந்ததே என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு என்னை ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் கிடையாது, ஸ்கூட்டி வாங்கினேன். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு கதை எழுத முடியாது. ஒரு பொங்கல் மலருக்கு 'உடம்பு சரியில்லை' என்றேன். அடுத்ததற்கு 'வேலை அதிகம்' என்றேன். உண்மையில் எழுத ஒன்றும் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சீட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

என் ஓரகத்தி வந்தது அந்த நாட்களில்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தவள். என் கொழுந்தனார் அங்கே சூப்பர்வைசர். லைனில் நின்ற பெண்ணைப் பார்த்து, பேசி, பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் முனகி, கடைசியில் கல்யாணம் ஆனது. அங்கே காண்டிராக்ட் முடிந்ததும் நான்தான் எங்கள் கம்பெனியில் சொல்லித் தையல் லைனில் சேர்த்துவிட்டேன். அதோடு விட்டேனா? முதல் நாள் அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, "டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, சன்னலோரம் உக்காரு, நல்லாக் காத்து வரும்" என்று வேறு சொல்லி அனுப்பினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவள் என் தொகுப்பைப் படித்தாள். "நல்லாருக்குக்கா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் கருவாடு அலசிக்கொண்டிருக்க, கொழுந்தனார் ஒரு பத்திரிகையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் கதை வந்திருந்தது. வேறு எதிலும் இல்லை, எனக்குப் பொங்கல் மலரில் சீட்டுக் கொடுத்த அதே பத்திரிகையில். "எப்ப எழுதினே?" என்று கேட்டேன். "பஸ்ஸுலதாங்க்கா. நீங்க சொன்ன சீட்டுல. போனுலயே தட்டுவேன்" என்றாள். மாமியார் கருவாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரெண்டும் எழுதிக்கினே இருந்தா அடுப்பாண்ட யாரு கீறது?"

எல்லோரும் சிரித்தோம். நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், குவாலிட்டிக்காரியின் கண்ணோடு படித்தேன். முதல் பத்தியிலேயே ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. 'பஸ்ஸை பிடிக்க' என்று இருந்தது, 'ப்' இல்லை. அந்த 'ப்' எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? தீபாவளி போனஸ் வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை. இரண்டாம் பத்தியில் அந்த சந்தோஷம் போயிற்று. ஹாஸ்டலைப் பற்றிய கதை அது. இப்படி ஒரு வரி: 'எட்டுப் பேருக்கு ஒரு கண்ணாடி, கடைசியில் நிற்கிறவளுக்கு முகம் கிடைப்பதற்குள் பஸ் வந்துவிடும்.'

மூடி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இதே சாலையில் போய் வருகிறேன். ஹாஸ்டல் வாசல்களில் ஈரத் தலையோடு ஓடி வந்து பஸ் ஏறும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் முகம் பார்க்காமல் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றாமல் என்ன, அந்த வரிசையின் கடைசியில் நின்றவள் அவள்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை. அது என் சீட்டில் உட்கார்ந்து எழுதிய வரி. நான் ஸ்கூட்டிக்குப் போயிருக்காவிட்டால் அது எனக்கு வந்திருக்கும் என்று ஒரு கிறுக்கு எண்ணம் பிடித்துக்கொண்டது.

முதல் ஷிஃப்ட்டில் குவாலிட்டிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது சட்டென்று கையைத் தூக்கினேன். பெட்ரோல் விற்கும் விலைக்கு பஸ்ஸே மேல் என்று வீட்டில் சொன்னேன். புத்தாண்டு முதல் நாள், புதுப் பேனாவோடு, அவளும் நானும் சேர்ந்தே பஸ் ஏறினோம். எங்கள் கம்பெனியில் புத்தாண்டுக்கு லீவு கிடையாது, கேக் உண்டு. காஞ்சிபுரத்தில் ஏறும் அவள் சிநேகிதி ஒருத்தி தினமும் இவள் கொடுத்து வைத்த கர்ச்சீப்பைப் போட்டு இவளுக்குச் சீட்டுப் பிடித்து வைப்பாளாம். அப்போதுதான் அந்த ரோஸ் நிறக் கர்ச்சீப்பைப் பார்த்தேன். என் முகமே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அவள் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்கக்கா, ஒங்க சீட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய், சக்கரத்துக்கு மேலே காலை மடக்கி உட்காரும் அந்தக் கேடுகெட்ட சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் பேனாவைத் திறந்தேன். காற்று நன்றாக வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தூக்கித் தூக்கிப் போடும் அந்த சீட்டில் அவள் உதட்டை அசைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தாள். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தும் இவளுக்கு வருகிறதா என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அந்த எரிச்சலில், பஸ் ஒரகடம் போய்ச் சேருவதற்குள், ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் பக்கம்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நான் மறக்க மாட்டேன். ஆண்களுக்குப் பங்காளிக் காய்ச்சல் என்றால் எனக்கு ஓரகத்திக் காய்ச்சல். மூன்றாவது வரிசையில் நான், பின் சக்கரத்தின் மேல் அவள். அவள் விரல் வேகமாக ஓடினால் என் பேனாவும் ஓடும். அவள் தூங்கிவிட்டால் எனக்கும் கொட்டாவி வரும். அவள் மாமியாரைப் பற்றி எழுதுகிறாள் என்று மோப்பம் பிடித்து, அதற்குள் நான் மாமியாரை எழுதி முடித்தேன். அவள் எழுதியது வேறு எதையோ பற்றி. எனக்கு மூன்று கதைகள் தேறின. மூன்றும் நன்றாக வந்தன, நானே சொல்கிறேன். ஆனால் என் கதை அச்சில் வந்தால் அவள் உடனே சொம்பு நிறைய பாயசம் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு என்மேல் பொறாமையே வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பொறாமை.

வைகாசியில் கொழுந்தனாருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கடைசி நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கர்ச்சீப்பை என் கையில் வைத்து, "காஞ்சிபுரத்துக்காரிகிட்டச் சொல்லிட்டேங்க்கா, இனிமே ஒங்களுக்குப் போட்டு வப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கினேன். உள்ளுக்குள்ளே அப்பாடா என்றிருந்தது. சீட்டும் என்னுடையது, வீட்டில் எழுதுகிறவள் என்ற பெயரும் இனி என் ஒருத்திக்கே.

அன்றைக்கு நின்றதுதான். ஒரு வரி வரவில்லை. ஆடி போயிற்று, ஆயுத பூஜை போயிற்று, தீபாவளி போயிற்று. தினமும் அந்த சீட்டில் கர்ச்சீப் கிடக்கும், எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறப்பேன், ஒரகடத்தில் மூடிவிட்டுக் கர்ச்சீப்பை அந்த சிநேகிதியிடம் திருப்பிக் கொடுப்பேன். பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். சக்கரத்தின் மேல் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேறு யார்மேலாவது பொறாமைப்பட்டுப் பார்க்கலாம் என்று பரிசு வாங்கியவர்கள், மாலை போட்டுக்கொண்டவர்கள் படத்தையெல்லாம் உற்றுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. பொறாமைக்கும் ஒரே வீட்டுச் சோறு வேண்டியிருக்கிறது. நம் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னவள் நம்மைவிட நன்றாக எழுதினால்தான் அது பிடிக்கிறது.

மார்கழி பிறந்ததும் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மலருக்கு உங்க கதை வேணும்மா. புத்தாண்டுக்குள்ள வரணும். இந்தத் தடவையும் இல்லைன்னா அடுத்த வருஷம் கேக்க எனக்கே கூச்சமா இருக்கும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதாவது, இனி கேட்க மாட்டார். கேட்காவிட்டால் நான் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். 'எழுதுற பொண்ணு' அதோடு முடிந்தாள். புது வருஷம் பிறந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டேன். எடை குறைப்பேன் என்று ஒவ்வொரு வருஷமும் என் கணவரும் அப்படித்தான் சொல்கிறார்.

புத்தாண்டும் பிறந்தது. இன்று காலை பனியில் பஸ் ஏறினேன். டிரைவர் கண்ணாடிக்குப் புது மாலை போட்டிருந்தார். சீட்டில் அதே கர்ச்சீப். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனாவைத் திறக்கவில்லை. மன்னிக்கவும் என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தபோது ஓசூரிலிருந்து அவள் பேசி அனுப்பிய குரல் செய்தி வந்து கிடந்தது. காதில் வைத்தேன். பின்னால் ஒரு பஸ் உறுமும் சத்தம், அதற்கு மேல் அவள் கத்தல்:

"எக்கா, புது வருச வாழ்த்து! இங்கன பஸ்ஸுல சீட்டே கெடையாதுக்கா, ஓசூரு வந்ததுலருந்து நின்னுக்கிட்டேதான் போறேன். ஒத்தக் கையில கம்பியப் புடிச்சிக்கிட்டு ஒத்தக் கையில எழுதுறேன், பாத்துக்கோங்க. மலருக்கு எங்கிட்டயும் கேட்டாக. நேத்தே அனுப்பிட்டேன். நீங்க எப்பவோ அனுப்பியிருப்பீக. ஒங்களுக்கென்ன, சன்னலோர சீட்டு!"

நின்றுகொண்டு. ஒற்றைக் கையால். அனுப்பியும் விட்டாள். அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்தது. இத்தனை மாதம் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எழுந்துவிட்டேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண், ஹாஸ்டல் பெண்தான், தலையில் ஈரம் காயவில்லை, "இன்னாக்கா, எறங்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ உக்காரு."

"அப்ப நீங்க?"

"எனக்கு நிக்கணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். என் மடியிலிருந்து நழுவி சீட்டில் கிடந்த கர்ச்சீப்பை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள எனக்குக் கை இல்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். கட்டைவிரலால் முதல் வரியைத் தட்டினேன்: 'அவள் என் சீட்டை பிடித்துக்கொண்டாள்.' வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, பார்த்தேன். விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.