தங்கைக்கு அனுப்பிய குரல்

போன வருடம் என் மகள் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. எங்கள் வீடு கவரைப்பேட்டையில். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். வந்தால் வந்த நாள். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். கம்பெனி பஸ்சில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால்கூட ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மகளுக்கு இடம் கிடைத்தது ஆவடிக்கு அந்தப் பக்கம். பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கல்லூரியில் முதல் செமஸ்டருக்கு என்னென்ன பாடம், அதை எந்த நேரத்தில் படிப்பது என்று பிள்ளைகளே பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். அதற்கான பதிவைத் திங்கட்கிழமை காலையில் செல்போனில் திறப்பார்களாம். முந்தியவர்களுக்குத்தான் இடம்.

மகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாகப் போட்டு, எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கணக்கு இங்கே, இயற்பியல் அங்கே என்று எல்லாம் பொருந்திவிட்டது. கம்ப்யூட்டர் பாடத்தில்தான் சிக்கல். காலை வகுப்பு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கு அடியிலிருந்து சொல்லித் தரும் வகுப்பு சாயங்காலம் மட்டும்தான். இவள் அரசுப் பள்ளியில் பயாலஜி குரூப் படித்தவள். இவளுக்கு வேண்டியது சாயங்கால வகுப்பு. ஆனால் அது முடிந்து ரயில் மாறி கவரைப்பேட்டை வந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். நான் இரண்டாம் ஷிப்டில் இருக்கிற வாரம் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர யாரும் இல்லை.

“காலைலயே போட்டுக்கோ பாப்பா. எல்லாம் போகப் போகப் புரிஞ்சிடும்” என்றேன்.

“சரிம்மா” என்றாள். சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சத்தமில்லாமல் ரப்பரை எடுத்து சாயங்காலக் கட்டத்தை அழித்தாள். முதல் நாளே வகுப்பில் முழிக்கப் போகிறாள், அதற்குக் காரணம் நான்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் நின்று, கல்லூரிக்குப் பக்கத்திலேயே வேப்பம்பட்டில் இருக்கும் என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். நான் பேசியது ஏறக்குறைய இதுதான்:

“ஏய், அக்காதான் பேசறேன். பாப்பா காலேஜுல இன்னா பாடம் வோணும்னு நம்மளையே கேக்கறாங்கடி, ஓட்டல்ல இட்லியா தோசையான்னு கேக்கற மாதிரி. எனக்கு ஒண்ணும் புரியல. கம்ப்யூட்டர் தெரியாத பசங்களுக்கு சாயங்காலம்தான் சொல்லித் தராங்களாம். அத்த முடிச்சிட்டு அவ கவரைப்பேட்டை வந்து எறங்கறதுக்குள்ள இருட்டிடும். பொட்டப்புள்ளய ஒண்டியா எப்படி உடறது? உன் ஊட்ல தங்க வைக்கலாம்னா, உன் ஊட்டுக்காரரு ஒரு நாளைக்கே உர்ருன்னு மூஞ்சிய வச்சிக்கினு இருப்பாரு. காலேஜு குரூப்புல கேக்கலாம்னா, அங்க எல்லாம் இங்கிலீஷ்லயே போட்டுக்கினு கீறாங்க. பெரிய எடத்து ஜனங்க. நம்ம கேட்டா சிரிப்பாங்க. நீ இன்னா சொல்ற?”

மணி அடித்துவிட்டது. போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

சாயங்காலம் வெளியே வந்து போனை எடுத்தால், மகளிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

“அம்மா, இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? சித்திக்கு அனுப்பறதா நெனச்சி எங்க காலேஜு பேரன்ட்ஸ் குரூப்புல போட்டுட்டியே!”

நான் தங்கை பெயரைத் தொடப் போன நேரத்தில் குரூப்பில் ஏதோ செய்தி வந்து மேலே ஏறியிருக்கிறது; விரல் அதில் பட்டுவிட்டது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளின் அப்பா அம்மா அத்தனை பேரும், வாத்தியார்களும் இருக்கிற குரூப்; எனக்கு இங்கிலீஷ் வராது என்று மகளும் அதில் சேர்ந்திருந்தாள். மதியத்திலிருந்து என் குரல் அங்கேதான் கிடந்திருக்கிறது.

“சித்தப்பா மூஞ்சி வரைக்கும் போயிட்ச்சும்மா” என்று மகள் சொன்னபோது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. “நீ மொதல்ல அதுல வந்திருக்கறத கேளு.”

நான் கேட்கவில்லை. பஸ்சில் போனைப் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். என்னை விடுங்கள், நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு கல்லூரிக்குப் போகும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, சத்தமாக வைத்தாள். முதலில் ஓர் ஆண் குரல்.

“வணக்கம்மா. நான் உங்க கவரைப்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கற ஆரணியிலேர்ந்து பேசறேன். எனக்கும் அதே பேஜாருதாம்மா. என் பொண்ணுக்கும் கம்ப்யூட்டர்னா இன்னான்னே தெரியாது. இருட்டிடுமேன்னு நாங்களும் காலைலயே போட்டுட்டு கம்முனு இருந்துடலாம்னு பாத்தோம்.”

அடுத்து ஒரு பெண். “யக்கா, நான் கும்மிடிப்பூண்டிக்கா. இந்த குரூப்புல எல்லாரும் கட்டவெரலு போடறாங்களேன்னு நானும் போட்டுக்கினே வந்தேன். எதுக்குப் போட்டேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. உன் குரல கேட்டதுந்தான்க்கா உசுரே வந்துச்சி. எம்பொண்ணையும் சேத்துக்கோ.”

பிறகு பொன்னேரியிலிருந்து ஒருவர், மீஞ்சூரிலிருந்து ஓர் அம்மா; அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதே சிக்கல்தான். அதுவரை ‘நோட்டட் சார்’, ‘தேங்க்யூ மேடம்’ என்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்த குரூப் முழுக்க நம்ம ஜனங்களின் குரல். நடுவில் ஒரு வாத்தியார், தமிழிலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஒருவர், “அம்மா, உங்க தங்கச்சி ஊட்டுக்காரரு இந்த குரூப்புல இல்லியே?” என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் கொட்டிக் கிடந்தன. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் நானும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கடைசியாக அந்த ஆரணிக்காரர் மறுபடியும் பேசியிருந்தார்.

“நம்ம பொண்ணுங்க அஞ்சு பேரும் சாயங்கால வகுப்பே போடட்டும்மா. ஒண்ணாவே வண்டி ஏறி ஒண்ணாவே வரட்டும். நான் தெனமும் வண்டி எடுத்துக்கினு கவரைப்பேட்டை டேசனுக்கு வந்துடுவேன். உங்க பொண்ண உங்க தெரு வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டு, அப்புறந்தான் நாங்க கெளம்புவோம். தைரியமா போடச் சொல்லுங்க.”

முகம் தெரியாத மனிதர். பேசுகிற பட்டனை அழுத்திப் பிடித்து, “சரிங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். இந்த முறை தெரிந்தேதான் அனுப்பினேன். மகள் காலண்டர் தாளை எடுத்து, அழித்த கட்டத்தில் திரும்பவும் எழுதினாள்.

திங்கட்கிழமை நான் வேலையில் இருந்தேன். ஐந்து பேருக்கும் இடம் கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் ஒரு பெட்டிக்கு இரண்டு முறை ஸ்டிக்கர் ஒட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதியம் லாக்கரைத் திறந்தபோது மகளின் செய்தி இருந்தது: “அஞ்சு பேருக்கும் கெடச்சிடுச்சிம்மா.” அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு ருசியாகத்தான் இருந்தது.

அந்த செமஸ்டர் முழுக்க ஆரணி அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. மழை பெய்த நாட்களில்கூட ரெயின்கோட்டோடு வந்து நின்றார். மகள் கம்ப்யூட்டர் பாடத்தில் நல்லபடியாகவே தேறினாள். கும்மிடிப்பூண்டிக்காரி இப்போது எனக்குச் சொந்தத் தங்கை மாதிரி. சொந்தத் தங்கையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் வீட்டுக்காரர் விஷயத்தைத் தவிர. அவள் பத்திரிகை படிக்கிற பழக்கம் இல்லாதவள் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் சாயங்காலம் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது மகள் போன் செய்வாள். அவள் பேசுவது பாதிதான் கேட்கும்; பின்னால் மற்ற நாலு பெண்களின் சிரிப்பும் சத்தமும்தான் அதிகம். அதைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு என் விரல் மட்டும் சரியான இடத்தில் பட்டிருந்தால், இந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் தெரியாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்துக்கொள்கிறேன்.