நான் தடவிய எண்ணெய்

பிள்ளைகளே, நான் பாலக்கரையில் பட்டறை வைத்திருப்பவன். விண்வெளிக்கு லிஃப்ட் விட முடியுமா என்று ஆராயும் கல்லூரி மாணவர்களுக்கு, நாடா சுற்றும் உருளை செய்து கொடுத்தேன். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் ஆற்று மணலில் சோதனை. பலூன் மேலே போய் நாடாவை இழுத்துப் பிடிக்கும். அதைப் பற்றிக்கொண்டு ஒரு சின்ன இயந்திரம் ஏற வேண்டும்.

நாடா சுலபமாக ஓடட்டுமே என்று, யாரையும் கேட்காமல் அதில் எண்ணெய் தடவிவிட்டேன். இயந்திரம் ஏறவே இல்லை. சக்கரம் மட்டும் வழுக்கி வழுக்கிச் சுற்றியது.

"நான் செஞ்ச சக்கரந்தான் சரியில்ல" என்று, இயந்திரத்துக்குச் சக்கரம் செய்த மாணவன் ஜெரோம் கண் கலங்கினான். பலூனுக்கு வாயு அன்று ஒருநாளைக்குத்தான் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"தம்பி, நாடாவுல எண்ணெய் போட்டது நான்தாம்ப்பா."

குழுத் தலைவி நிர்மலா சிரித்துவிட்டாள். "அண்ணே, பாவம், அதை வழுக்குமரம் ஏற வச்சிட்டீங்களே! வாங்க, துடைப்போம்."

பலூனை இறக்கி, சோப்புத் தண்ணீரால் நாடா முழுவதும் துடைத்தோம். ஜெரோம் என் பக்கத்திலேயே நின்று துடைத்தான். பொழுது சாய்வதற்குள் இயந்திரம் விறுவிறுவென்று ஏறியது.

இப்போதெல்லாம் என் மகன் எதையாவது கொட்டிவிட்டு வந்து நின்றால், நான் திட்டுவதில்லை. துணி தேடுகிறேன், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.